லேபுக்கு மட்டும் எட்டாத சர்வர்

திங்கட்கிழமை காலை ஒன்பதே கால் மணிக்கு நூலகத்திலிருந்து போன். "தம்பி, லேபுல நம்ம பக்கம் வரலையாம். கேள்வித்தாள் எடுக்கணும்னு பசங்க வந்து நிக்கிறாங்க. கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்." நூலகர் மேடம் சும்மா கூப்பிடுகிற ஆள் இல்லை. செமஸ்டர் தேர்வுக்கு இரண்டே வாரம் இருந்தது. பழைய கேள்வித்தாள் தேடும் வசதியை அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் சனிக்கிழமை ராத்திரி வரை உட்கார்ந்து ஏற்றியிருந்தேன். அது ஓடத் தொடங்கிய முதல் வேலை நாளிலேயே, அதிகம் பேர் உட்காரும் இடத்தில் வரவில்லை என்றதும் மனசு கேட்கவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் பகுதி நேரமாகப் பார்த்துக்கொள்ளும் கல்லூரி அது. சர்வர் ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. அலுவலகக் கட்டடத்து ரேக்கில், உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் போட்ட ஒரே ஒரு பெட்டி. முகவரி 172.16.5.10. கேட்பவர்களுக்கு வலைப்பக்கங்களை எடுத்துக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் அதில் நேரடியாக ஓடுகிறது. அதற்குப் பின்னால் நூலகப் பட்டியல், ஸ்கேன் செய்த பழைய இதழ்கள், புதிதாக வந்த கேள்வித்தாள் தேடல் என மூன்று செயலிகள், மூன்றும் டாக்கர் கன்டெய்னர்களில், அதாவது ஒரே இயந்திரத்துக்குள் செயலிகளைத் தனித்தனி அறைபோலப் பிரித்து ஓட்டும் அமைப்பில். கல்லூரி நெட்வொர்க்கில் இடத்துக்கு ஒரு எண் வைத்திருக்கிறார்கள். சர்வர்களுக்கு 172.16, லேப் இருக்கும் அறிவியல் கட்டடத்துக்கு 172.20, நூலகத்துக்கு 172.21, வைஃபைக்கு 172.24. இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லேபுக்குப் போனால், லேப் உதவியாளர் அண்ணன் முதலிலேயே குழப்பமான ஒரு செய்தியைச் சொன்னார். "சார், போன்ல வருது. கம்ப்யூட்டர்லதான் வரல." அதே அறை, அதே பக்கம். போன் வைஃபையில் இருக்கிறது, கம்ப்யூட்டர் கேபிளில் இருக்கிறது. என் லேப்டாப்பை ஒரு மேசையின் கேபிளில் சொருகினேன். 172.20.8.41 என்ற முகவரி கிடைத்தது. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கும் கர்ல் கட்டளையை விவரமாகக் காட்டும் விதத்தில் ஓட்டினேன். பெயர் சரியாக 172.16.5.10 என்று மாறியது, ஆகவே பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் மேல் குற்றமில்லை. பாதுகாப்பான வலைப்பக்கங்களுக்கான கதவு எண்ணான 443ஆம் போர்ட்டை முயற்சிப்பதாக ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். கர்சர் அங்கேயே நின்றது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சர்வர் வரவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, உடனே மறுப்பு வந்ததா, இல்லை பேச்சே இல்லாமல் நேரம் போனதா என்பதைத்தான். இரண்டும் வேறு வேறு நோய். இணைப்பு மறுக்கப்பட்டது என்று சட்டென்று வந்தால் பெரும்பாலும் எதிர்முனை உயிரோடு இருக்கிறது, நாம் அனுப்பிய தகவல் பொட்டலமான பாக்கெட் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, அந்தப் போர்ட்டில் கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். என்ஜின்எக்ஸ் ஓடுகிறதா என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். பதிலே இல்லாமல் இழுத்துக்கொண்டு போனால், போகும் வழியிலோ திரும்பி வரும் வழியிலோ எங்கோ பாக்கெட் விழுகிறது. இங்கே இரண்டாவது வகை.

எல்லோருடைய சந்தேகமும் கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்கில் இணைக்கும் ஸ்விட்ச் மேல்தான். சனிக்கிழமை மதியம் அறிவியல் கட்டடத்தில் பழைய ஸ்விட்ச் ஒன்றைக் கழற்றிவிட்டுப் புதியது வைத்திருந்தார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். சனிக்கிழமை ராத்திரி நான் செய்த வேலையை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. சர்வரில் செயலி ஏற்றுவதற்கும் ஒரு கட்டடத்துக்கு மட்டும் வழி அடைபடுவதற்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றவில்லை.

ஸ்விட்சைக் குற்றவாளியாக்குவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன். வருகைப்பதிவு சர்வர் அதே ரேக்கில், அதே சப்நெட்டில், அதாவது நெட்வொர்க்கின் அதே பகுதியில், 172.16.5.12இல் இருக்கிறது. லேபிலிருந்து அதைத் திறந்தேன். உடனே வந்தது. புது ஸ்விட்ச், கட்டடங்களுக்கு நடுவே ஓடும் ஃபைபர், நடுவில் வழி காட்டும் கோர் ஸ்விட்ச், ரேக் வரைக்கும் எல்லாம் சரி என்று அந்த ஒரு பக்கமே சொல்லிவிட்டது. வழியில் உள்ள ஒவ்வொரு நிறுத்தத்தையும் காட்டும் ட்ரேஸ்ரூட் போட்டதிலும் கோர் ஸ்விட்ச் வரை பதில் வந்தது, அடுத்த வரியிலிருந்து பதில் இல்லை என்பதைக் காட்டும் வெறும் நட்சத்திரங்கள். நோய் சர்வரிடம்தான்.

நூலகத்துக்கு நடந்தேன். அங்கிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் சர்வருக்குள் போக முடிந்தது. அண்ணன் லேபில் என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார், இருவர் காதிலும் போன். இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளையில் பார்த்தால் என்ஜின்எக்ஸ் 443இல், எல்லா முகவரிகளுக்குமாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தது. பதில் வருகிறதா என்று பார்க்கச் சர்வரிலிருந்து லேப்டாப்பைப் பிங் செய்தேன். வந்த வரி, தமிழில் சொன்னால், இப்படி: "172.20.0.1இலிருந்து: சேருமிடத்துக்குச் செல்ல முடியவில்லை."

விடை அந்த வரியிலேயே இருந்தது. நான் வாசித்தது பின்பாதியை மட்டும். செல்ல முடியவில்லை என்பதைத்தான் ஏற்கெனவே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களே. அதைச் சொல்வது யார் என்று முன்பாதியில் இருந்ததை விட்டுவிட்டேன். 172.20.0.1 என்பது லேபின் கேட்வேயாக, அதாவது லேபிலிருந்து வெளியே போகும் வாசலாக, இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். லேபின் கேட்வே 172.20.8.1. அறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளிலேயே அது எழுதியிருந்தது.

அடுத்து, கடந்து போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப். சர்வரின் நெட்வொர்க் கார்டுக்கு இஎன்ஓ1 என்று பெயர். அதில் மட்டும், லேப்டாப் முகவரிக்கான பாக்கெட்டுகளைக் காட்டச் சொல்லிவிட்டு, "அண்ணே, இப்ப அடிங்க" என்றேன். வந்தது. இணைப்பு கேட்கும் சின் பாக்கெட், ஒரு விநாடி கழித்து அதே பாக்கெட் மறுபடி, பிறகு இரண்டு விநாடி விட்டு, நான்கு விட்டு, எட்டு விட்டு. பதில் கிடைக்காத லினக்ஸ் இயந்திரம் ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி மறுபடி மறுபடி கதவைத் தட்டுகிற தாளம் அது. தட்டும் சத்தம் சர்வரின் வாசலில் கேட்கிறது. உள்ளேயிருந்து, சின்னுக்குப் பதிலாகப் போக வேண்டிய சின்-ஆக் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

இதைப் பார்த்ததும், வரும் பாக்கெட்டுகளை வடிகட்டும் ஃபயர்வால்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். நாற்பது நிமிடம் அதில் போனது. டிசிபிடம்ப் உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வால் கை வைப்பதற்கு முன்பே பார்த்துவிடும், ஆகவே அதில் தெரிந்தது என்பதற்காக ஃபயர்வால் அனுமதித்தது என்று ஆகாது. அந்த வரைக்கும் என் யோசனை சரிதான். ஃபயர்வாலை அமைக்கும் யூஎஃப்டபிள்யூவின் விதிகளைப் பார்த்தேன், 443 எல்லோருக்கும் திறந்திருந்தது. ஃபெயில்2பேன் யாரையாவது தடை செய்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. ஃபயர்வாலின் முழு விதிப்பட்டியலைக் காட்டும் ஐபிடேபிள்ஸில் ஒவ்வொரு விதிக்கும் எதிரே உள்ள எண்ணிக்கையை, அண்ணன் தட்டும்போதெல்லாம் எது கூடுகிறது என்று பார்த்தேன். பாக்கெட்டை வீசும் விதிகளில் ஒன்றும் நகரவில்லை, 443ஐ அனுமதிக்கும் விதிதான் ஏறியது.

திருப்பம் எஸ்எஸ்ஸில் கிடைத்தது. பாதியில் நிற்கும் இணைப்புகளை மட்டும் காட்டச் சொன்னேன். எதிர்முனை 172.20.8.41 என்று ஒன்று இருந்தது, நிலை சின்-ரிசீவ்ட். கூடவே லேபின் மற்ற முகவரிகள் பத்துப் பன்னிரண்டு. இதற்கு என்ன அர்த்தம் என்றால், சர்வரின் இயங்குதள மையமான கெர்னல் கேள்வியை வாங்கிவிட்டது. சின்-ஆக் பதிலையும் தயார் செய்து அனுப்பிவிட்டதாக அது நினைக்கிறது. மறுமொழிக்குக் காத்திருக்கிறது. ஃபயர்வால் தடுத்திருந்தால் இந்த நிலைக்கே வந்திருக்காது. அப்படியானால் அனுப்பிய பதில் எங்கே? இஎன்ஓ1 வழியாகப் போகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று.

சர்வரையே கேட்டேன். 172.20.8.41க்குப் போக வேண்டுமென்றால் நீ எந்த வழியில் போவாய்? இதைக் கேட்கும் கட்டளை ஐபி ரூட் கெட், அதன் பின்னால் முகவரி. கெர்னல் உண்மையில் எடுக்கப்போகும் முடிவை அது அப்படியே சொல்லும். 172.16.5.1 என்ற கேட்வே வழியாக, இஎன்ஓ1 மூலம் என்று வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. கேட்வே என்ற பேச்சே இல்லை. பிஆர் என்று தொடங்கி ஒரு நீளமான பன்னிரண்டு எழுத்துக் குறியீட்டோடு ஒரு இன்டர்ஃபேஸ், அதாவது இன்னொரு நெட்வொர்க் வாசல், மூல முகவரி 172.20.0.1.

பிஆர் என்று தொடங்கும் அந்தப் பெயர், கன்டெய்னர்களை இணைக்க டாக்கர் உருவாக்கும் மென்பொருள் ஸ்விட்சான பிரிட்ஜ். 172.20.0.1 சர்வருக்குள்ளேயே இருந்தது. காலையில் பிங்குக்குப் பதில் சொன்னதும் இந்தச் சர்வரேதான்.

டிசிபிடம்ப்பை இந்த முறை எல்லா இன்டர்ஃபேஸ்களிலும் ஓட்டினேன். அண்ணன் அடித்தார். இஎன்ஓ1இல் சின் உள்ளே வருகிறது. அடுத்த வரியில், அந்தப் பிரிட்ஜில், முகவரிக்குரிய இயந்திரத்தைத் தேடும் ஏஆர்பி கேள்வி வெளியே போகிறது: "172.20.8.41 யார்? 172.16.5.10க்குச் சொல்லுங்கள்." ஒரு விநாடிக்குப் பின் மறுபடி. மறுபடி. கன்டெய்னர்கள் இரண்டு மட்டும் இருக்கும் அந்தச் சின்ன அறைக்குள் நின்றுகொண்டு, அரை கிலோமீட்டர் தள்ளி லேபில் இருக்கும் லேப்டாப்பைச் சர்வர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. யாரும் பதில் சொல்லாததால் தயாராக இருந்த சின்-ஆக் கம்பியையே தொடவில்லை. அக்கம்பக்கத்து முகவரிகளைப் பட்டியலிடும் ஐபி நெய்பர் கட்டளையில் லேப் முகவரிகள் எல்லாம் தோல்வி என்ற குறியோடு வரிசையாக நின்றன.

ஏன் இப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்ள 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் வரை போக வேண்டும். உள் நெட்வொர்க்குகள் யாரையும் கேட்காமல் பயன்படுத்திக்கொள்ள மூன்று முகவரித் தொகுதிகளை அது ஒதுக்கியது. 10இல் தொடங்குவது, 192.168இல் தொடங்குவது, நடுவில் 172.16 முதல் 172.31 வரை. வீடுகளில் 192.168 பழக்கம், பெரிய நிறுவனங்களில் 10 பழக்கம். நடுவில் உள்ளதை யாரும் அதிகம் தொடுவதில்லை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. டாக்கரின் இயல்பான அமைப்பும் அங்கேதான் தொடங்குகிறது. டாக்கர்0 என்ற முதல் பிரிட்ஜுக்கு 172.17. அதன் பிறகு, ஒரு செயலியின் கன்டெய்னர்களைச் சேர்த்து எழுப்பும் ஒவ்வொரு கம்போஸ் திட்டமும் தனக்கென நெட்வொர்க் உருவாக்கும்போது 172.18, 172.19, 172.20 என்று வரிசையாக 172.31 வரை, ஒவ்வொன்றும் முழு /16, அதாவது 65,536 முகவரிகள். இரண்டு கன்டெய்னர் குடியிருக்க ஒரு ஊரையே வளைத்துப் போடுவதுபோல.

எங்கள் சர்வரில் நூலகப் பட்டியலுக்கு 172.18 கிடைத்திருந்தது, இதழ்களுக்கு 172.19. இரண்டும் கல்லூரியில் வேறெங்கும் இல்லாத எண்கள் என்பதால் இரண்டு வருடமாக ஒன்றும் தெரியவில்லை. சனிக்கிழமை ராத்திரி மூன்றாவது வந்தது. 172.20 அதற்குப் போனது.

டாக்கர் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புது நெட்வொர்க் உருவாக்கும் முன், எந்த முகவரிக்கு எந்த வழி என்று எழுதியிருக்கும் சர்வரின் ரூட் டேபிளைப் பார்த்து, மோதாத இடமாகத்தான் தேடுகிறது. ஆனால் எங்கள் ரூட் டேபிளில் 172.20 என்று தனி வரி கிடையாது. சொந்த சப்நெட்டைத் தவிர மற்றதெல்லாம் டீஃபால்ட் ரூட் வழியாகக் கேட்வேக்குப் போகட்டும் என்ற ஒரே வரிதான். கேட்வேக்கு அந்தப் பக்கம் லேப் இருப்பது சர்வருக்குத் தெரிய வழியில்லை. காலி என்று நினைத்து எடுத்துக்கொண்டது. எடுத்ததும் 172.20க்கு ஒரு தனி ரூட் எழுதப்பட்டது. ரூட் டேபிளில் பொதுவான வரியைவிடக் குறிப்பான வரிக்குத்தான் எப்போதும் மதிப்பு. அந்த நொடியிலிருந்து லேபுக்குப் போக வேண்டிய பதிலெல்லாம் பிரிட்ஜுக்குள் போனது. நூலகமும் வைஃபையும் 172.21, 172.24 என்பதால் தப்பின. போனில் வருது, கம்ப்யூட்டரில் வரல என்று அண்ணன் சொன்னது துல்லியமான தகவல்.

இதே கோளாறு இன்னொரு முகமும் காட்டும். பாக்கெட் வந்த வழியைச் சரிபார்க்கக் கெர்னலில் ஆர்பி ஃபில்டர் என்று ஒரு அமைப்பு உண்டு. எங்கள் சர்வரில் அதன் மதிப்பு 2, தளர்வான சோதனை. அதனால்தான் சின் உள்ளே வந்து, பாதி இணைப்பாகக் கண்ணில் பட்டது. மதிப்பு 1 என்று கடுமையாக இருந்திருந்தால், "இந்த முகவரிக்கு நான் பதில் அனுப்பும் வழி வேறு, நீ வந்த வழி வேறு" என்று கெர்னல் வாசலிலேயே பாக்கெட்டை வீசியிருக்கும். எஸ்எஸ்ஸிலும் ஒன்றும் தெரியாது. அப்போது என்ஸ்டாட் கட்டளையில் ரிவர்ஸ் பாத் ஃபில்டர் என்ற எண்ணிக்கை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐபி ரூட் கெட் மட்டும் இரண்டு நிலையிலும் ஒரே உண்மையைச் சொல்லும். இப்போதெல்லாம் நான் சர்வருக்குள் நுழைந்ததும் அடிக்கும் முதல் கட்டளை அதுதான்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். லேப் முழுவதும் 172.20.8.0/22க்குள் அடங்கும் என்பதால், அதற்கு மட்டும் 172.16.5.1 வழியாகப் போகச் சொல்லி ஒரு ரூட் சேர்த்தேன். கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் கூடக்கூடத் தொகுதி சிறியது, /16ஐவிட /22 குறிப்பானது, ஆகவே அது ஜெயிக்கும். எண்டர் தட்டிய கையோடு, "சார், வந்துருச்சு" என்று போனில் குரல். மணி பன்னிரண்டே கால். இது ஒட்டுப்போட்ட வேலைதான், சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். ஆனால் கன்டெய்னர் எதையும் நிறுத்தாமல் லேபைத் திறந்துவிட்டது. நிரந்தர வேலையைச் சாயங்காலம் நூலகம் மூடிய பிறகு வைத்துக்கொண்டேன்.

நிரந்தர வேலை என்பது டாக்கருக்கு வேறு இடம் காட்டுவது. கல்லூரி நெட்வொர்க்கைக் கவனிப்பவரிடம் முகவரிப் பட்டியலை வாங்கி, 10.200, 10.201 இரண்டும் எங்கும் இல்லை, விபிஎன்னிலும் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். இடிசி டைரக்டரிக்குள் டாக்கர் ஃபோல்டரில் டாக்கரின் அமைப்புகளை எழுதும் டெமன் டாட் ஜேசன் என்ற ஃபைல். டாக்கர்0 பிரிட்ஜுக்கு 10.200.0.1/24 என்றும், புது நெட்வொர்க்குகள் எல்லாம் 10.201.0.0/16இலிருந்து ஒவ்வொன்றும் /24 அளவில் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் எழுதினேன். ஒவ்வொரு திட்டத்துக்கும் 254 முகவரி, மொத்தம் 256 நெட்வொர்க். எங்களுக்கு ஆயுசுக்கும் போதும். அந்த ஃபைலில் ஒரு கமா தவறினாலும் டாக்கர் எழுந்திருக்காது, எனவே ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் பைத்தானின் ஜேசன் டூலில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

டாக்கரை ரீஸ்டார்ட் செய்தால் பழைய நெட்வொர்க்குகள் தானாக மாறாது. ஒவ்வொரு திட்டத்தையும் கம்போஸ் டவுன் செய்து நீக்கிவிட்டு, மறுபடி கம்போஸ் அப் செய்ய வேண்டும். டவுன் என்றதும் தரவு போய்விடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். தரவைச் சேமித்து வைக்கும், பெயர் வைத்த வால்யூம்கள் அப்படியே இருக்கும், வால்யூமையும் நீக்கச் சொல்லும் 'வி' குறியைச் சேர்க்காத வரை. இதழ்களும் கேள்வித்தாளும் சிரமமில்லாமல் எழுந்தன.

நூலகப் பட்டியல் எழவில்லை. உள்ளபடி இரவு வேலையில் பெரும்பகுதி இதற்குத்தான் போனது. அந்தச் செயலி கன்டெய்னரில் இருந்தாலும், அதன் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் சர்வரில் நேரடியாக ஓடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன் நானே மூன்று இடத்தில் 172.18 என்று கையால் எழுதி வைத்திருந்தேன். செயலியின் அமைப்புகள் இருக்கும் என்வி ஃபைலில் தரவுத்தள முகவரி 172.18.0.1. யூஎஃப்டபிள்யூவில் 5432ஆம் போர்ட் 172.18க்கு மட்டும் திறப்பு. யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் போஸ்ட்கிரெஸின் பிஜி எச்பிஏ ஃபைலில் அனுமதியும் 172.18க்கு மட்டும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது முகம் காட்டியது. முகவரியை மாற்றியதும் பேச்சே இல்லாத காத்திருப்பு, அது யூஎஃப்டபிள்யூ. அதைத் திறந்ததும் 10.201.0.2க்கு எச்பிஏவில் அனுமதி வரி இல்லை என்று சட்டென்று ஒரு மறுப்பு. காலையில் லேபில் பிரித்துப் பார்த்த அதே இரண்டு வகை, ராத்திரி ஒன்றன் பின் ஒன்றாக என் முன்னால் வந்தன. அந்தத் திட்டத்தின் கம்போஸ் ஃபைலில் சப்நெட்டை 10.201.0.0/24 என்று நானே நிலையாக எழுதிவிட்டேன். இனி திட்டங்களை எந்த வரிசையில் எழுப்பினாலும் அது நகராது.

ஒரு விஷயம் மனதை உறுத்தியது. கண்காணிப்பு நிரல் ஒன்று எங்களிடம் உண்டு. திங்கட்கிழமை முழுக்க அது பச்சையாகவே இருந்தது. அது ஓடுவது அதே ரேக்கில், 172.16.5இல், சர்வருக்குப் பக்கத்து வீட்டில். பக்கத்து வீட்டுக்கு எப்போதும் பதில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. மறுநாள் அண்ணனிடம் கேட்டு, லேபில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர்கள் மூன்றை வாங்கினேன். ஒன்றை லேபிலேயே வைத்தேன், ஒன்றை நூலகத்தில், ஒன்றை வைஃபையில் சேர்த்து விட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவை சர்வரின் முதல் பக்கத்தை எடுத்துப் பார்த்து, பத்து விநாடிக்குள் வராவிட்டால் என் போனுக்குச் செய்தி அனுப்பும். பிறகு தற்காலிக ரூட்டை நீக்கிவிட்டு, லேபில் உட்கார்ந்து நானே ஒரு கேள்வித்தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். வந்தது. அந்த மேசைக்காக ஒரு பெண் நோட்டுடன் நின்றுகொண்டிருந்தாள். எழுந்து இடம் கொடுத்துவிட்டு வந்தேன்.